லண்டன் மலர்ச்சாலைக் குடும்பங்கள் எங்கிருந்து வந்தன?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். கிழக்கு லண்டனில் உங்கள் வீட்டருகே ஒரு மலர்ச்சாலை, அதாவது இறுதிச்சடங்குகளை நடத்தித் தரும் நிறுவனம். பலகையில் ஒரு குடும்பப் பெயர், பக்கத்தில் ‘அண்ட் சன்ஸ்’, கீழே ஒரு பழைய ஆண்டு. ஐந்து தலைமுறையாக எங்கள் குடும்பம்தான் நடத்துகிறது என்று உள்ளே இருந்தவர் சொல்லியிருக்கிறார். இது உண்மையா, விளம்பரமா என்று கேட்கிறீர்கள். ஆனால் நீங்கள் கடைசியில் எழுதியிருக்கும் வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது: ‘பிறப்பால் யாரும் கட்டாயப்படுத்தாத ஊரில், ஒரு குடும்பம் இத்தனை காலம் பிணத்தோடு ஏன் இருக்கிறது?’ நம் ஊரில் இந்த வேலை யார் தலையில் எப்படிச் சுமத்தப்பட்டது என்று தெரிந்த எவருக்கும் இந்தக் கேள்வி வரும். எனக்கும் வந்தது.

நான் லண்டனில் 22 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். பெட்டி தூக்குபவனாகச் சேர்ந்தேன், அமரர் ஊர்தி ஓட்டினேன், இப்போது குடும்பங்களோடு உட்கார்ந்து ஏற்பாடுகளைப் பேசி முடிக்கும் வேலை. நான் வேலை செய்யும் இடமும் ஒரு குடும்ப நிறுவனம்தான், பெயர் வேண்டாம். வரலாறு என் படிப்பு அல்ல. தொழில் பட்டயத்துக்காகப் படித்ததும், எங்கள் மாடியறையில் இருக்கும் பழைய பேரேடுகளைப் புரட்டியதும், மூத்தவர்கள் வாயால் கேட்டதும்தான் என் கையிருப்பு. இந்த மூன்றில் எதைச் சொல்கிறேன் என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூன்றுக்கும் ஒரே நம்பிக்கை கொடுக்க முடியாது.

இந்தத் தொழில் மரத்தில் தொடங்கியது. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை லண்டனில் சாமானியர் இறந்தால் அக்கம்பக்கத்தாரும் தேவாலயப் பணியாளர்களும் பார்த்துக்கொண்டார்கள். பிரபுக்கள் இறந்தால் குலச்சின்னங்களைக் காக்கும் அரச அலுவலகத்தின் அதிகாரிகள் வந்து, யார் எந்த வரிசையில் நடக்க வேண்டும், எத்தனை கொடி பிடிக்க வேண்டும் என்று முறை வகுத்தார்கள். அந்த அலுவலகத்தின் பிடி தளர்ந்தபோது நகரத்துத் தச்சர்களும், மெத்தை திரைச்சீலை வேலை செய்பவர்களும், துணி வணிகர்களும் அந்த இடத்துக்கு வந்தார்கள். பெட்டி, கறுப்புத் துணி, வண்டி, ஆட்கள் எல்லாவற்றுக்கும் நான் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டவர் ‘அண்டர்டேக்கர்’ ஆனார். அந்தச் சொல்லின் பொருளே பொறுப்பேற்பவர் என்பதுதான். துணி வணிகர் இதற்குள் வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆங்கிலேயக் கம்பளித் தொழிலைக் காப்பாற்ற, இறந்தவரைக் கம்பளித் துணியில்தான் புதைக்க வேண்டும் என்று 1660களிலும் 1670களிலும் சட்டங்கள் வந்தன. 8 நாளுக்குள் உறுதிமொழி எழுதித் தர வேண்டும், மீறினால் 5 பவுண்டு தண்டம். 1814 வரை அது ஏட்டில் இருந்தது.

ஆகவே முதல் தலைமுறை என்று பலகை சொல்லும் ஆள் பெரும்பாலும் ஒரு தச்சர். காலையில் கதவு செய்வார், மாலையில் தெருவில் யாராவது போய்விட்டால் பெட்டி செய்வார். லண்டனில் பெட்டிக்கு வழக்கமான மரம் எல்ம். ஈரத்தைத் தாங்கும், ஆணி அடித்தால் பிளக்காது, ஓக்கைவிட மலிவு. தோள்பட்டை வரும் இடத்தில் பலகையின் உட்புறத்தில் ரம்பத்தால் நெருக்கமாகச் சிறு வெட்டுகள் போட்டு, கொதிக்கும் நீரை ஊற்றி வளைப்பார்கள். இணைப்புகளில் கீலைக் காய்ச்சி ஊற்றி, அடியில் மரத்தூளைப் பரப்புவார்கள். எங்கள் நிறுவனத்தில் இதைக் கையால் செய்த கடைசி மனிதரை நான் பார்த்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகும் வாரம் ஒருமுறை வந்து, இப்போதைய பெட்டிகளின் மூலைகளைத் தடவிப் பார்ப்பார். 1970களில் எல்ம் நோய் வந்து பிரிட்டனில் 2 கோடிக்கு மேற்பட்ட மரங்கள் பட்டுப்போயின. அத்தோடு அந்தக் கைவேலையும் ஏறக்குறைய முடிந்தது. இன்று பெரும்பாலான பெட்டிகள் மரத்துகள் பலகையில் மெல்லிய மரத்தாள் ஒட்டி, தொழிற்சாலையிலிருந்து வருபவை.

பலகையில் உள்ள ஆண்டைப் பற்றிக் கேட்டீர்கள். குடும்பம் அந்த ஆண்டில் ஏதோ ஒரு கடை வைத்திருந்தது என்பது பெரும்பாலும் உண்மையாக இருக்கும். அது அன்றே மலர்ச்சாலையாக இருந்ததா என்பது வேறு கேள்வி. தச்சுப் பட்டறை தொடங்கிய ஆண்டையும் முதல் அடக்கம் நடத்திய ஆண்டையும் தனியாகப் பிரித்துச் சொல்ல யாருக்கும் தேவை இருந்ததில்லை. அதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டும் ஒரே கூரையின் கீழ், ஒரே ஆளின் கையால் நடந்தவை. உறுதியாகச் சொல்லக்கூடிய நீண்ட வரிசைகளும் உண்டு. கேம்டன் பகுதியின் லெவர்ட்டன் குடும்ப நிறுவனம் 1789இல் தொடங்கியது. இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. 1997இல் இளவரசி டயானாவின் இறுதிச்சடங்கிலும் 2022இல் எலிசபெத் அரசியின் இறுதிச்சடங்கிலும் பணியாற்றியவர்கள் அவர்கள்தான்.

அரச குடும்பத்தின் அடக்கப் பணி கைமாறிய விதத்தைப் பார்த்தால், ஒரு குடும்பத் தொழில் எப்படி நிலைக்கிறது, எப்படி முடிகிறது என்பது இரண்டுமே தெரியும். 1811 முதல் பாண்டிங் குடும்பம் அதைச் செய்தது. அவர்களும் அடிப்படையில் மரச்சாமான், மெத்தை வேலைக்காரர்கள். மூன்றாம் ஜார்ஜ் மன்னரிலிருந்து விக்டோரியா அரசிவரை அவர்கள் கையில் போனார்கள். 1852இல் வெலிங்டன் பிரபுவின் ஊர்வலத்துக்கு 12 குதிரைகள் இழுத்த பிரம்மாண்டமான வண்டி ஓடியதே, அதிலும் அவர்கள்தான். அந்தக் குடும்பத்து வில்லியம் பாண்டிங் 1863இல் தன் உடல் எடையைக் குறைத்த கதையைச் சிறு நூலாக வெளியிட்டார். அதன் பிறகு ஆங்கிலத்தில் பத்தியம் இருப்பதற்கே அவர் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது. ஸ்வீடன் மொழியில் அந்தச் சொல் இன்றும் வழக்கில் இருக்கிறது. இத்தனை புகழ் பெற்ற குடும்பத்தின் அரச உரிமை 1928இல் கடைசி ஆள் ஓய்வுபெற்றதோடு முடிந்தது. அடுத்து வந்தது கென்யன் குடும்பம். 1965இல் சர்ச்சிலின் இறுதிச்சடங்கை நடத்தியவர்கள் அவர்கள். 1980களின் முடிவில் அந்த நிறுவனம் ஒரு பெருநிறுவனக் குழுமத்துக்குள் போனது. 1991இல் பணி லெவர்ட்டன் குடும்பத்துக்கு வந்தது. ஒன்று கடைசி ஆள் ஓய்வுபெற்றதோடு நின்றது, இன்னொன்று விற்பனையில் கரைந்தது. சாதாரணத் தெருக்களில் உள்ள குடும்பங்களுக்கும் இந்த இரண்டு முடிவுகள்தான்.

மரத்துக்கு அடுத்து குதிரை. 1830கள்வரை லண்டன்காரர்கள் தங்கள் தேவாலயத்து முற்றத்திலேயே புதைக்கப்பட்டார்கள். பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விடலாம். முற்றங்கள் நிரம்பி வழிந்தன. 1833இல் கென்சல் கிரீன், 1839இல் ஹைகேட் என்று நகரின் ஓரத்தில் பெரிய கல்லறைத் தோட்டங்கள் திறக்கப்பட்டன. 1852இல் வந்த சட்டம் நகருக்குள் இருந்த முற்றங்களை மூட வழிசெய்தது. 1854 முதல் வாட்டர்லூ பக்கத்திலிருந்து புரூக்வுட் கல்லறைக்கு இறந்தவர்களுக்கென்றே ஒரு ரயில் ஓடியது. இறந்தவர்களுக்கும் முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்புச் சீட்டுகள் உண்டு, ஒருவழிச் சீட்டுகள். 1941இல் குண்டுவீச்சில் அந்த நிலையம் அழியும்வரை அது இருந்தது. தூரம் கூடியதும் வண்டி தேவைப்பட்டது. ஆனால் தெருமுனைத் தச்சருக்குக் கறுப்புக் குதிரைகளை வாங்கித் தீனி போடக் கட்டுமா? கட்டாது. அதனால் குதிரையும் வண்டியும் வைத்து வாடகைக்கு விடும் தனி முதலாளிகள் வந்தார்கள். பெட்டியின் பிடிகள், பெயர்த் தகடு, உள்துணி எல்லாம் மொத்த வியாபாரிகளிடம் கிடைத்தன.

சிறு குடும்பங்கள் பிழைத்துக் கிடந்ததற்கு இந்த வாடகை ஏற்பாடுதான் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். இது என் கணிப்பு, ஆனால் தினமும் கண்ணால் பார்ப்பதிலிருந்து வரும் கணிப்பு. பெரிய முதல் இல்லாமல் பெரிய ஊர்வலம் நடத்த முடிந்தது. இன்றுகூடப் பல சிறு நிறுவனங்கள் சொந்தமாக ஒரு கார்தான் வைத்திருக்கும். மூன்று கார் தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுக்கும். போட்டி நிறுவனத்திலிருந்தே ஆளும் வண்டியும் இரவல் வரும். ஒரு திங்கட்கிழமை எங்கள் ஊர்தி நடுவழியில் நின்றுபோனபோது, எதிர்த்தெருக் குடும்பம் அரை மணி நேரத்தில் தங்கள் ஊர்தியைக் கொடுத்தார்கள், பலகையைக் கழற்றிவிட்டு.

இந்த வரலாற்றில் வெட்கப்பட வேண்டிய பகுதியும் உண்டு. விக்டோரியா காலத்தில் இறகு, பட்டு, வாசலில் பேசாமல் நிற்க மட்டும் கூலிக்கு ஆட்கள் என்று ஆடம்பரம் ஏறியது. அது ஏழை வீடுகளுக்கும் இறங்கியது. அரசுச் செலவில் புதைக்கப்படுவது அவமானம் என்று பயந்து, சாப்பாட்டைக் குறைத்து வாரம் ஒரு பென்னி அடக்க நிதிக்குக் கட்டினார்கள். 1843இல் பொதுச் சுகாதாரச் சீர்திருத்தவாதியான எட்வின் சாட்விக் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், ஒற்றை அறையில் வாழும் குடும்பம் பணம் சேரும்வரை உடலை அதே அறையில் நாள்கணக்கில் வைத்திருந்ததையும், செலவு தேவைக்கு மேல் ஏற்றப்பட்டதையும் பதிவு செய்திருக்கிறார். இதை எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. என் தொழிலின் முன்னோர்கள் துக்கத்தில் இருந்தவர்களிடம் நிதானமாகக் கணக்குப் பேசவில்லை. இன்றும் ஏற்பாட்டு அறையில் ஒரு மகன் விலை உயர்ந்த பெட்டியைக் காட்டி ‘அப்பாவுக்கு இதுதான்’ என்றால், ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்று சொல்கிறேன்.

அப்புறம், பலகையில் இல்லாதவர்கள். ‘அண்ட் சன்ஸ்’ என்று எழுதுவார்கள், மனைவியும் மகளும் எங்கும் இல்லை. ஆனால் குடும்பம் கடைக்கு மேலேயே குடியிருந்தது. இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் இறங்கி வந்தது மனைவி. கணக்கு எழுதியது அவர். உள்துணி தைத்தது அவர். இறந்த பெண்களையும் குழந்தைகளையும் குளிப்பாட்டி உடுத்தியதும் பல இடங்களில் அவர்தான், அல்லது அந்தத் தெருவில் பிரசவத்துக்கும் சாவுக்கும் கூப்பிடப்படும் ஒரு மூத்த பெண். எங்கள் பேரேடுகளில் முதலாளியின் கையெழுத்து வருவது அபூர்வம். 1910களிலிருந்து 30 ஆண்டுகளுக்கு ஒரே சாய்வெழுத்து ஓடுகிறது. அது அவர் மனைவியுடையது என்று குடும்பத்தில் சொல்கிறார்கள். ஒரு சம்பளச் சீட்டுகூட அவர் பெயரில் இல்லை.

மூன்றாவதாக வந்தது அறை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை உடல் வீட்டின் முன்னறையிலேயே இருந்தது. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம். பிறகு வீடுகள் சிறுத்தன, மாடிக் குடியிருப்புகள் வந்தன, 1948இல் தேசிய மருத்துவச் சேவை தொடங்கிய பிறகு மருத்துவமனையில் இறப்பதே வழக்கமானது. உடலை வைத்துப் பார்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது. தச்சுப் பட்டறைகள் ஒவ்வொன்றாகப் பார்வை அறைகளாயின. எங்கள் பார்வை அறையின் தரையில் கம்பளத்தைத் தூக்கினால் இழைப்பு மேசை நின்ற தடம் இன்னும் தெரியும். தொழிலின் பெயரும் மாறியது. 1905இல் ‘அண்டர்டேக்கர்கள்’ என்ற பெயரில் தொடங்கிய சங்கம் 1935இல் ‘ஃபியூனரல் டைரக்டர்கள்’ சங்கமானது. உடலைப் பதப்படுத்துபவர்களுக்கு 1927இல் தனி அமைப்பு வந்தது. தகனம் 1960களின் பிற்பகுதியில் அடக்கத்தை முந்தியது. மரம், குதிரை, அறை என்று மூன்று முறை தொழிலின் முதலீடு மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் மாறாத குடும்பங்கள் உதிர்ந்தன.

சரி, அந்தப் பேரேடுகள். ஒரு குடும்ப நிறுவனத்திடம் இருக்கும் மிகப் பெரிய சொத்து இவைதான் என்று 22 ஆண்டுகளில் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு பதிவிலும் பெயர், வயது, பெட்டியின் நீளம் அகலம், மரம், எத்தனை குதிரை, எந்தக் கல்லறை, எவ்வளவு தொகை, கட்டியாயிற்றா இல்லையா என்று இருக்கும். 1918இன் கடைசி மாதங்களின் பக்கங்களில் ஸ்பானிஷ் ஃபுளூ தெரிகிறது: எழுத்து அவசரமாகிறது, வயதுகள் எல்லாம் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கின்றன. பிரிட்டனில் பல பத்தாண்டுகளாக, இறந்தே பிறந்த குழந்தைகளை மருத்துவமனைகளே உள்ளூர் நிறுவனங்கள் மூலம் பொதுக்குழிகளில் புதைத்துவிடும். எங்கே என்று தாய்க்குச் சொல்லாமலே விடுவது வழக்கமாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் எண்பதை நெருங்கிய ஓர் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். 1960களில் பிறந்த தன் குழந்தை எங்கே என்று கேட்டார். மருத்துவமனையில் ஏடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாடியில் இரண்டு மணி நேரம் தேடினோம். பெயர் இல்லாமல், தாயின் குடும்பப் பெயரோடு ‘ஆண் குழந்தை’ என்று ஒரு வரி, கல்லறையின் பெயர், குழி எண். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடிக்கவே இல்லை, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை நடந்தார்.

இப்போது, உங்கள் தெருப் பலகை உண்மையா என்று பார்க்கும் வழி. 1980களிலும் 90களிலும் பெருநிறுவனங்கள் குடும்பக் கடைகளை வரிசையாக வாங்கின. 1994இல் ஓர் அமெரிக்க நிறுவனம் இங்கே இரண்டு பெரிய குழுமங்களை வாங்கியது. வாங்கியவர்கள் பழைய குடும்பப் பெயரை அப்படியே பலகையில் விட்டுவைப்பார்கள், ஏனென்றால் தெரு நம்புவது அந்தப் பெயரைத்தான். ஆகவே பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் பிரிட்டன் அரசு அமைப்பான போட்டிச் சந்தை ஆணையம் 2020இல் இந்தத் தொழிலைப் பற்றிய விசாரணையை முடித்து, 2021 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு நிறுவனமும் ஒரே மாதிரியான விலைப்பட்டியலைக் கடையிலும் இணையத்திலும் வைக்க வேண்டும், உண்மையான உரிமையாளர் யார் என்பதையும் வெளிப்படுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது. கடைக்குள் அந்தத் தகவலைக் கேளுங்கள். கம்பெனிப் பதிவேட்டில் இயக்குநர்கள் பெயரை இலவசமாகவே தேடிப் பார்க்கலாம். பெருநிறுவனக் கடை என்றால் மோசம் என்று சொல்லவில்லை, அங்கே மிக நல்லவர்களோடு தோளில் பெட்டி சுமந்திருக்கிறேன். இன்னொன்று: இங்கிலாந்தில் இந்தத் தொழில் தொடங்க அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. யாரும் நாளைக்கே தொடங்கலாம். தொழில் சங்கங்களின் உறுப்பினரா, அவர்கள் வந்து சோதித்த அறிக்கை இருக்கிறதா என்று கேட்பது அதனால்தான் முக்கியம்.

கட்டாயம் இல்லாமல் ஏன் இருக்கிறார்கள் என்பதற்கு நான் பார்த்த ஒரு குடும்பத்தை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். பிறப்பால் வரும் தடை இங்கே இல்லை. அந்த வீட்டுப் பிள்ளை மருத்துவராகலாம், யாரையும் மணக்கலாம், யார் வீட்டிலும் சாப்பிடலாம். நம் ஊரில் இந்த வேலையைச் செய்தவர்களுக்கு மறுக்கப்பட்டது அதுதான், அந்த வித்தியாசத்தைச் சிறிதாக்கிப் பேச எனக்கு மனம் வராது. கூச்சம் இருந்தது, அது உண்மை. என் முதலாளி பள்ளியில் தன் பக்கத்தில் உட்காரத் தயங்கிய பையன்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவருடைய மகன் கணினி வேலைக்குப் போய்விட்டார். எட்டு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்த மகள் திரும்பி வந்து பொறுப்பெடுத்தார். ஏன் என்று கேட்டேன். கட்டடம் சொந்தம், வாடகை இல்லை, அதனால் நடத்த முடிகிறது என்றார் முதலில். லண்டனில் அது சின்ன விஷயம் இல்லை. பிறகு, தங்கள் தாத்தாவின் அடக்கத்தை இந்தக் கடையில் ஏற்பாடு செய்த குடும்பங்களே பாட்டிக்கும் தன்னைத் தேடி வந்ததாகச் சொன்னார். கடையை விற்றால் அவர்களுக்கு யார் தொலைபேசியை எடுப்பார்கள் என்று யோசித்தாராம்.

நம்மவர்களும் இப்போது அந்த வரிசையில் இருக்கிறார்கள். 20 ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்க் குடும்பம் வந்தால், உடலைக் குளிப்பாட்ட எத்தனை பேர் வருவார்கள், பெட்டி ஏன் திறந்தே இருக்க வேண்டும், தகனக் கூடத்தில் மூத்த மகன் ஏன் உள்ளே வந்து பொத்தானை அழுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றையும் நான் விளக்க வேண்டியிருந்தது. இன்று மகள் முதலாளியே தொலைபேசியில் கேட்டுவிடுகிறார், வேட்டியா, பட்டா, ஐயர் எத்தனை மணிக்கு வருகிறார் என்று. இந்த விவரங்களும் பேரேட்டில் ஏறுகின்றன, இப்போது கணினியில். 1912ஆம் ஆண்டுப் பக்கத்தில் ‘எல்ம், இரண்டு குதிரை’ என்று இருந்த அதே இடத்தில் ‘பெட்டி திறந்தபடி, மகன் உடன் வருவார்’ என்று இருக்கிறது. நீங்கள் உங்கள் தெருக் கடைக்குள் போனால், உரிமையாளர் யார் என்று கேட்டதோடு நிற்காமல், பழைய ஏடு ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்றும் கேளுங்கள். குடும்பம் இன்னும் உள்ளே இருந்தால், எடுத்துவந்து காட்டக்கூடும்.